காலை ஊன்றும் முன்: நெடுநாள் நோயில் பாத விறைப்பும் வீட்டு வைத்தியமும்

நம் முன்னோர் நீதி நூலுக்குக்கூட மருந்தின் பெயரை வைத்தார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். ஐந்து வேர்கள் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலம், இலவங்கம் முதலாக ஆறு சரக்குகள் சேர்ந்தது ஏலாதி. நல்லாதனாரின் திரிகடுகமும், சமணச் சான்றோர்களாகிய காரியாசானும் கணிமேதாவியாரும் இயற்றிய மற்ற இரண்டும் பதினெண்கீழ்க்கணக்கில் வைத்து எண்ணப்படுபவை. உடம்புக்கு இத்தனை சரக்கு என்பதுபோல உள்ளத்துக்கு ஒரு வெண்பாவில் இத்தனை கருத்து என்பது அவர்கள் கணக்கு. இதிலிருந்து ஒன்று விளங்கும். மருந்து என்பது அளவும் சேர்க்கையும் ஆளும் அறிந்து தருவது. கையில் அகப்பட்டதை அள்ளிப் போடுவது மருந்தாகாது.

தில்லியில் எண்ணெயும் நாட்டு மருந்துச் சரக்கும் விற்று எனக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கார்த்திகை பிறந்து குளிர் எட்டிப் பார்த்தால் போதும், கடைக்கு வரும் நம்மவர்கள் பாதிப்பேர் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "நயினார், காலைல எழுந்து காலை ஊன முடியலை. பத்து அடி வச்சாத்தான் சரியாகுது. என்ன எண்ணெய் தடவலாம் சொல்லுங்க." நான் எண்ணெய்ப் புட்டியை எடுப்பதில்லை. "முதல்ல நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்க, அதைச் சொல்லுங்க" என்பேன். எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்தச் சம்பந்தத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வைத்தியன் அல்லன், வியாபாரி. படித்து அறிந்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் நம் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று தொகுத்துத் தருகிறேன்.

விடியலில் ஏன் பிடிக்கிறது?

சித்த மருத்துவ நூல்கள் வாத நோய்களை எண்பது என்று வகுத்துப் பேசும். குதிகால் வாதமும் அந்த வரிசையில் சொல்லப்படுவது. காலையில் கால் பிடித்துக்கொள்வது ஒரே நோய் அன்று என்பதை நம்மவர் முன்பே உணர்ந்திருந்தார்கள். இன்றைய மருத்துவமும் அதையே வேறு சொற்களில் சொல்கிறது.

முதற்காரணம் நார். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தடியில் பட்டையாக ஒரு நார் ஓடுகிறது. நாம் தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். கெண்டைக்கால் தசையும் இந்த நாரும் இரவு முழுவதும் சுருங்கியே கிடக்கும். எழுந்து முதல் அடி வைத்ததும் உடம்பின் எடை முழுவதும் அதன்மேல் இறங்கி வெடுக்கென்று இழுக்கிறது. நார் ஏற்கனவே நைந்திருந்தால் ஊசி குத்தியதுபோல் வலிக்கும்.

இரண்டாவது அழற்சி. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு, மூட்டில் வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் பின்னிரவில் இரத்தத்தில் ஏறுகின்றன. அவற்றை அடக்கும் கார்ட்டிசால் என்ற சுரப்பு விடியற்காலையில்தான் உச்சத்துக்கு வரும். அது வேலை செய்து முடிக்கும்வரை மூட்டு இறுகித்தான் இருக்கும்.

மூன்றாவது சர்க்கரை. பல ஆண்டுகள் இரத்தத்தில் மிகுந்து நிற்கும் சர்க்கரை, நார்களிலும் தசைநாண்களிலும் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதனால் அவை தடித்து, இளக்கம் குறைந்துபோகும். போதாததற்கு நரம்பையும் அது அரிக்கிறது. தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, வைட்டமின் டி குறைவு ஆகியவற்றாலும் காலில் வீக்கமோ வலியோ இறுக்கமோ வருவதுண்டு. இவற்றோடு சனவரி மாதத்துத் தில்லிக் குளிரும், ஐஸ்கட்டி போன்ற மொசைக் தரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கடிகாரத்தைப் பாருங்கள்

எது நம் வீட்டுக் காரணம் என்று கண்டுகொள்ள ஓர் எளிய வழி உண்டு. விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்து வாருங்கள்.

முதல் பத்து இருபது அடி மட்டும் குதிகாலில் சுரீரென்று வலித்து, நடக்க நடக்கக் குறைந்து, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வலித்தால் பெரும்பாலும் அது பாதநார்க் கோளாறு. எக்ஸ்-ரேயில் குதிகாலில் முள் வளர்ந்திருக்கிறது என்பார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கும், அதைக் கண்டு மிரள வேண்டாம்.

அரை மணிக்குள் விட்டுவிட்டால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ நின்று, இரண்டு பாதத்திலும் விரல்களின் அடிமூட்டு வீங்கி, கைவிரலும் மடங்க மறுத்தால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும். அமெரிக்க வாதநோய் வல்லுநர்கள் 1987-ல் வகுத்த இலக்கணத்தில், ஒரு மணி நேரக் காலை விறைப்பும் ஆறு வாரக் கணக்கும் இடம் பெற்றிருந்தன. 2010-ல் வந்த புதிய இலக்கணம் மூட்டு எண்ணிக்கைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் முதலிடம் தந்தது. ஆனாலும் "காலைல எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கு?" என்ற கேள்வியை மருத்துவர் விடுவதில்லை. இதற்குச் சுக்குப் பற்று போட்டுக்கொண்டு ஆறு மாதம் காத்திருந்தால் மூட்டு அரித்துப்போகும். போன மூட்டு திரும்பாது. தொடக்கத்திலேயே மருந்து தொடங்குவதுதான் காப்பு.

நடுச்சாமத்திலோ விடியலிலோ கால் பெருவிரல் மூட்டு ஒன்று மட்டும் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போவது போல வலித்தால் அது யூரிக் அமில வாதமாக இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் சில நீர்மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதையும் மருத்துவரிடம் பேச வேண்டும். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, முந்தின இரவு மருந்தின் பலம் தீர்ந்து விடியலில் கால்விரல்கள் தானாகச் சுருட்டிக்கொள்வதுண்டு. அதற்குத் தைலம் உதவாது, மருந்து நேரத்தை மாற்றியமைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வகை. "வலின்னு சொல்ல முடியல, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு, கால் மரக்கட்டை மாதிரி இருக்கு" என்பார்கள். விறைப்பு என்று அவர்கள் சொல்வது உண்மையில் உணர்ச்சிக் குறைவு. நேரக் கணக்கும் இதற்கு இல்லை. நான் மிகவும் அஞ்சுவது இந்த வகைக்குத்தான்.

சூட்டுக்கு முன் ஒரு சோதனை

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நம் சங்கத்துக் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீட்டை எண்ணிச் சொல்லிவிடலாம். ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்து தங்கும் பெற்றோருக்குக் குளிர் புதிது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, கால் மரத்துப்போனவர் ரூம் ஹீட்டர் முன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அல்லது ஊர் வழக்கப்படி செங்கல்லைச் சுட்டு, அதன்மேல் எருக்கிலையை வைத்துக் குதிகாலை ஊன்றுகிறார். நல்ல நரம்பு உள்ளவருக்குச் சூடு அதிகமானால் கால் தானாக விலகும். மரத்த கால் விலகாது. தோல் வெந்துபோவதும் தெரியாது. மறுநாள் கொப்புளம், அடுத்த வாரம் புண், கவனிக்காவிட்டால் விரலையே எடுக்கும் நிலை. எருக்கின் பால் தோலை அரிப்பது வேறு. குதிகால் வலிக்கு நல்லது என்று பாட்டி காலத்திலிருந்து வந்த வைத்தியம், சர்க்கரை நோயாளிக்குக் காலைப் பறிக்கும் வைத்தியமாக முடிகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்கி, மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். நல்லவேளையாகக் கால் தப்பியது.

ஆகவே எந்தச் சூட்டு வைத்தியத்துக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவாக்கி 2011-ல் வெளியிட்ட முறை இது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு விரல் போதும். பெரியவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். வலது காலின் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், அவ்வாறே இடது காலிலும் மூன்று, ஆக ஆறு விரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது. தொட்டதும் வலது இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அந்தக் காலுக்குச் செங்கல், வெந்நீர்ப் பை, ஹீட்டர், சூட்டு ஒத்தடம் எதுவும் வேண்டாம். ஐஸ் ஒத்தடமும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவ்விடத்தில் சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு செய்தி. பால் தயிர் போதிய அளவு சேராத சைவ உணவில் வைட்டமின் பி-12 குறைய வாய்ப்பு அதிகம். சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கு அது மேலும் குறையலாம். பி-12 குறைந்தாலும் கால் மரக்கும், எரியும். எல்லாம் சர்க்கரையால்தான் என்று இருந்துவிடாமல் இரத்தத்தில் அதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியது.

படுக்கையில் ஐந்து நிமிடம்

இயற்கை வைத்தியம் என்றால் இலையும் வேரும் என்றே நினைக்கிறோம். காலை விறைப்புக்கு முதல் இயற்கை மருந்து அசைவுதான். காசும் இல்லை, பெரும்பாலான நோய்க்காரர்களுக்கும் பொருந்தும். காலில் ஆறாத புண்ணோ புதிய வீக்கமோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

கண் விழித்ததும் காலைக் கீழே வைக்காதீர்கள். போர்வைக்குள்ளேயே கால்விரல்களை மடக்கி விரியுங்கள், இருபது முறை. கணுக்காலை வலமும் இடமும் பத்துப் பத்து முறை சுற்றுங்கள். பிறகு எழுந்து உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி மெல்ல வளையுங்கள். பாதத்தடி நார் வில்லின் நாண்போல் விறைத்து நிற்பது மறு கைக்குத் தெரியும். பத்து விநாடி நிறுத்தி விடுங்கள், பத்து முறை. முதல் அடி வைக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இவ்வாறு பாதநாரை நீட்டியவர்களுக்குக் காலை வலி நன்றாகக் குறைந்தது. குனிய முடியாதவர்கள் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இரு கையாலும் இழுக்கலாம்.

பின்பு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்காருங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோர் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழ நேரும். செருப்பைக் கட்டிலருகிலேயே வைத்து, அதில் காலை நுழைத்துத்தான் நிற்க வேண்டும். வீட்டுக்குள் செருப்பா என்று நம் பெண்கள் கேட்பார்கள். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் ஆசாரமும் கெடாது, காலும் கெடாது. கால் மரத்தவர்களுக்கு எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகமும் பின்வாரும் உள்ள செருப்பு ஏற்றது. பூசை அறைக்குள் சுத்தமான பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம்.

பகலில் பூரிக் கட்டையைத் தரையில் போட்டுப் பாதத்தை அதன்மேல் முன்னும் பின்னும் உருட்டலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். பாதநார் வலி பெரும்பாலோருக்கு இப்படியே சில மாதங்களில் தணியும், சிலருக்கு ஓராண்டும் ஆகும். பத்து நாளில் பலன் இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

எண்ணெயும் ஒத்தடமும்

இரவு படுக்கும் முன் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிப் பாதத்திலும் கெண்டைக்காலிலும் ஐந்து நிமிடம் தேய்த்துவிடுவது நல்ல வழக்கம். வறண்டு வெடித்த தோல் இளகும், தசை தளரும், தூக்கமும் வரும். இங்கே கடுகெண்ணெய் தேய்ப்பார்கள். சிலருக்கு அது தோலை எரிக்கும், எனவே நமக்கு நல்லெண்ணெயே போதும். சர்க்கரை நோயாளிகளுக்கு விரலிடுக்கில் எண்ணெய் விடக்கூடாது, ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். தேய்த்தபின் துடைத்துக் காலுறை போடுங்கள். எண்ணெய்க் காலோடு குளியலறைக்குப் போய் வழுக்கி விழுந்தால் விறைப்பு போய் இடுப்பெலும்பு முறிந்ததாகிவிடும்.

தேய்க்கக் கூடாத இடமும் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் புதிதாக வீங்கிச் சூடாக வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிசைந்தால் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். யூரிக் அமில வலி உச்சத்தில் இருக்கும்போது தேய்ப்பதும் சுடுவதும் கூடாது. உணர்ச்சி சரியாக இருந்தால் குளிர்ந்த துணி ஒத்தடம் இதம் தரும்.

தொடு சோதனையில் தேறியவர்களுக்கு ஒத்தடம் நல்லது. கல்லுப்பையோ தவிட்டையோ வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றலாம். நொச்சி இலையை வதக்கியும் ஒற்றலாம். வெந்நீரில் பத்து நிமிடம் கால் வைக்கலாம். நீரின் சூட்டைக் கால் நன்றாக உள்ள வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உடம்புச் சூட்டைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். கீசர் நீர் 60 டிகிரியைத் தொட்டால் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். எப்சம் உப்பு போடலாமா என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் ஊற்றுநீரிலிருந்து பெயர் பெற்ற மக்னீசியம் சல்பேட் அது. தோல் வழியாக அது உள்ளே போய் வேலை செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதம் தருவது வெந்நீரே. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் ஊறவைப்பதே வேண்டாம்.

சரக்கு வாங்குவோர் வசதிக்காக இங்குள்ள பெயர்களைத் தருகிறேன். நல்லெண்ணெய் இங்கே தில் கா தேல். விளக்கெண்ணெய் அரண்டி கா தேல். சுக்கு சோன்ட், திப்பிலி பிப்பலி, ஓமம் அஜ்வாயின், வெந்தயம் மேத்தி தானா, கோதுமைத் தவிடு சோக்கர். நொச்சிக்கு நிர்குண்டி, எருக்குக்கு ஆக் அல்லது மதார். பழைய தில்லியின் காரி பாவ்லி கடைத்தெருவில் உலர்ந்த சரக்குகள் பெரும்பாலும் கிடைக்கும்.

உள்ளுக்குச் சாப்பிடுபவை

மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மஞ்சள் தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. அதிலும் உடம்பு ஏற்றுக்கொள்வது மிகக் குறைவு. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், மிளகின் சத்தாகிய பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் குர்குமின் பல மடங்கு ஏறியது. மஞ்சளும் மிளகும் சேர்ந்த நம் ரசம் அந்த வகையில் நல்ல சேர்க்கைதான். ஆனால் கிண்ணம் ரசம் மாத்திரைக்கு மாற்றாகாது. குர்குமின் மாத்திரை வேறு சங்கதி. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோருக்கு இரத்தக் கசிவு வரலாம், சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சுக்கையும் சமையல் அளவோடு நிறுத்துவதே நல்லது.

முடக்கற்றான் கீரையின் பெயரே முடக்கை அறுப்பது என்று பொருள்படும். தோசை மாவில் அரைத்துச் சேர்ப்பது நம் வழக்கம், உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. வாதநாராயணன் இலையும் விளக்கெண்ணெயும் உள்ளுக்குப் போனால் பேதியாகும். நீர்மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிக்கு அடிக்கடி பேதியானால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து நெஞ்சுத் துடிப்பு தடுமாறும். அதிமதுரமும் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். வெந்தயம் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கும், எனவே இன்சுலின் போடுவோர் திடீரென்று நிறையச் சேர்க்க வேண்டாம். மருந்துப் பொடிகளைத் தேனில் குழைக்கச் சொல்வார்கள். எங்கள் சமண வீடுகளில் தேன் சேர்ப்பதில்லை, வெந்நீரில்தான் கலப்போம். சர்க்கரை நோயாளிகளுக்கும் அதுவே ஏற்றது.

யூரிக் அமிலம் என்றதும் பருப்பையும் கீரையையும் நிறுத்திவிடுகிறார்கள். 2004-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் இறைச்சியும் கடல் மீனும் அந்த வாதத்தைக் கூட்டின. பியூரின் மிகுந்த காய்கறிகள் கூட்டவில்லை. மதுவையும் இனிப்புக் குளிர்பானத்தையும் விடுங்கள், சாம்பாரை விட வேண்டாம்.

பூனைக்காலி விதையைப் பற்றி ஒரு சொல். சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் 1937-ல் இந்த விதையிலிருந்து டோபா என்ற பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். பின்னாளில் பார்க்கின்சன் நோய்க்குத் தலையாய மருந்தானது அதுவே. இயற்கைச் சரக்கில் எவ்வளவு வீரியம் உண்டு என்பதற்கு இது பெருமைப்படத்தக்க சான்று. அந்த வீரியமே எச்சரிக்கையும் ஆகும். அதே மருந்தை மாத்திரையாகச் சாப்பிடுபவர் விதைப் பொடியையும் சேர்த்தால் அளவு இரட்டித்துவிடும்.

பெயரில்லாத பொடி

"மூணு நாள்ல வாதம் பறந்துடும்" என்று விற்கும் பொடிகளைப் பற்றி என் போன்ற சரக்கு வியாபாரியே சொல்ல வேண்டும். எந்த மூலிகையும் முடக்குவாதத்தை மூன்று நாளில் பறக்கவிடாது. அப்படிப் பறந்தால் உள்ளே ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதனால் சர்க்கரை ஏறும், எலும்பு கரையும். பல மாதம் தின்றபின் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, எனவே மருத்துவரிடம் பொடியையே கொண்டுபோய்க் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உலோகக் கலப்பும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சித்த, ஆயுர்வேத மருந்து வேண்டுமென்றால் பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள். தயாரிப்பு உரிம எண்ணும் சேர்க்கை விவரமும் அச்சிட்ட சீட்டு இல்லாத எதையும் வாங்காதீர்கள். என் கடையில் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

காலில் நிறம் மாறினாலும், புண்ணோ கொப்புளமோ தெரிந்தாலும், ஒரு கால் மட்டும் சில்லிட்டுப் போனாலும், நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்றால் விடுவதாக இருந்தாலும், காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலும், விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் பல வாரம் தொடர்ந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது சாப்பிடும் மாத்திரை, பொடி, தைலம் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "இது சும்மா நாட்டு மருந்துதானே" என்று எதையும் மறைக்காதீர்கள்.

திருக்குறளில் மருந்து என்பது 95-ஆம் அதிகாரம். நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பிறகே தணிக்கும் வழியைத் தேடச் சொல்கிறது அது. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து கவனிப்பவரையும் ஒரு கூறாக வைத்து எண்ணியிருக்கிறார் வள்ளுவர். ஊரைவிட்டு வந்து வாழும் நம் வீடுகளில் இந்த நான்காவது கூறுதான் குறைந்துபோகிறது. ஊரில் என்றால் பேரன் பேத்தி தாத்தாவுக்குக் கால் பிடித்துவிடுவார்கள், காலில் ஒரு கீறல் இருந்தாலும் உடனே தெரிந்துவிடும். இங்கே பெரியவர்கள் "உங்களுக்கு ஏன் தொந்தரவு" என்று காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறார்கள்.

ஆகையால் இந்த மலரைப் படித்து மூடி வைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றிரவு அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி ஆறு விரலைத் தொடுங்கள். எண்ணெய் தேய்ப்பது அதற்கு அப்புறம்.